உடைந்த இடத்தைப் பாருங்கள்

குச்சியிலும் நூலிலும் கட்டிய மாதிரிக் கட்டடத்தைக் குலுக்கிப் பார்க்கும் அறிவியல் வகுப்பு, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பள்ளிக் கட்டடத்தின் மீதே கேள்வி எழுப்புகிறது

தைவான் தலைநகர் தைபேயில் நிலநடுக்கப் பொறியியலுக்கான தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. கான்கிரீட் தூண்களை இரும்புச் சட்டத்தில் பூட்டி, முறியும்வரை தள்ளிப் பார்க்கிற கூடம் அங்கே உண்டு. ஆண்டுக்கொரு முறை அந்த மையத்துக்குள் பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். எம்.டி.எஃப். பலகையில் அறுத்தெடுத்த மெல்லிய கீற்றுகள், பருத்தி நூல், ரப்பர் பேண்ட், ஏ4 தாள், சூட்டில் உருகும் பசைக் குச்சி. பொருள் இவ்வளவுதான். இவற்றைக் கொண்டு குழுக் குழுவாக உட்கார்ந்து பல மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப வேண்டும். கட்டி முடித்ததும் மாடிகளில் எடைகளை ஏற்றி, அதிர்வு மேசையில் இறுக்கிப் பொருத்துகிறார்கள். மேசை முதல் சுற்றில் மெல்ல ஆடும். அடுத்த சுற்றில் வேகம் கூடும். அதையும் தாங்கினால் அதற்கடுத்த சுற்று.

இந்தப் போட்டிக்கு 'ஐடியர்ஸ்' என்று பெயர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் முளைத்த யோசனை. 2001லிருந்து தைவானில் நடக்கிறது.

போட்டி முடிந்ததும் எல்லோரும் படம் எடுப்பது கடைசிவரை நின்ற கட்டடத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது விழுந்த கட்டடம். எந்தக் கால் முதலில் ஒடிந்தது? குச்சி ஒடிந்ததா, ஒட்டு விட்டதா? எல்லா மாடியும் சேர்ந்து சாய்ந்தனவா, ஒரே ஒரு மாடி மட்டும் நசுங்கியதா? நிலநடுக்கப் பொறியியல் என்கிற துறையே இடிபாடுகளுக்கு நடுவே நடந்து, குனிந்து பார்த்துக் கற்றுக்கொண்ட துறைதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த வேலையை ஒரு மேசைமீது செய்துபார்க்க முடியும். யாருக்கும் காயம் இல்லாமல்.

நம் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளிலும் 'நிலநடுக்கம் தாங்கும் வீடு' அடிக்கடி வருகிறது. தெர்மாகோல் சுவர், வண்ணத்தாள் கூரை, அடியில் நான்கு ஸ்பிரிங், பக்கத்தில் அட்டையில் அழகான கையெழுத்தில் விளக்கம். யாராவது கிட்டே போனால் மாணவி கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் அந்த வீட்டைப் பெரும்பாலும் யாரும் குலுக்குவதில்லை. குலுக்கினால் உடைந்துவிடுமே என்ற பயம். குலுக்கப்படாத மாதிரி ஒரு கைவினைப் பொருள். அதில் சோதனை என்று ஒன்றும் நடக்கவில்லை. இது பிள்ளைகளின் குறை அல்ல. உடைந்தால் மதிப்பெண் போய்விடும் என்று நாம்தான் அவர்களை நம்ப வைத்திருக்கிறோம்.

நள்ளிரவு 1.47

தைவான் ஏன் பள்ளிப் பிள்ளைகளை இதற்குள் இழுத்துவந்தது என்பதற்கு 1999 செப்டம்பர் 21ஐப் பார்க்க வேண்டும். நள்ளிரவு தாண்டி 1 மணி 47 நிமிடத்துக்கு மத்திய தைவானில் 7.6 அளவு நிலநடுக்கம். 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். விடிந்த பிறகு தெரிந்த இன்னொரு செய்தி: பள்ளிகள் கொத்துக் கொத்தாக இடிந்திருந்தன. ஏறக்குறைய 300 பள்ளிகளைப் புதிதாக எழுப்ப வேண்டியிருந்தது. வூஃபெங் என்ற ஊரில் குவாங்ஃபு பள்ளியின் ஓட்டப்பந்தயத் தடத்தின் குறுக்கே நிலப்பிளவு போயிற்று. தடத்தின் ஒரு பகுதி சுமார் 2.5 மீட்டர் மேலே தூக்கிக்கொண்டது. மடிந்து விழுந்த வகுப்பறைகளையும் எழும்பிய தடத்தையும் அகற்றாமல், சுற்றிலும் அருங்காட்சியகம் கட்டி அப்படியே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள்.

அந்தப் பள்ளிகள் ஏன் விழுந்தன என்பது நமக்கும் தேவையான பாடம். நீளவாக்கில் வகுப்பறைகள், ஒரு பக்கம் தாழ்வாரம், வெளிச்சத்துக்காக வரிசையாக ஜன்னல்கள். அறைக்கும் அறைக்கும் நடுவே முழுச்சுவர் இருப்பதால் குறுக்குவாக்கில் கட்டடம் உறுதி. நீளவாக்கிலோ தூண்களை விட்டால் வேறு துணை இல்லை. போதாததற்கு ஜன்னலுக்குக் கீழே தூணுக்குத் தூண் அரைச்சுவர். இந்த அரைச்சுவர்தான் பெரிய வில்லன். முழு உயரத் தூண் ஆட்டம் வந்தால் சற்று வளைந்து கொடுக்கும். அதன் கீழ்ப்பாதியைச் சுவர் இறுகப் பிடித்துக்கொண்டால், வளைய வேண்டிய வேலை முழுவதும் மேல்பாதியின் தலையில் விழுகிறது. குட்டையான தூண் விறைப்பானது. விறைப்பானது எதுவோ அதுவே அதிக விசையை வாங்கிக்கொள்ளும். தூணில் பெருக்கல் குறி போல விரிசல் விழுந்து அங்கேயே வெட்டுப்படுகிறது. நம் ஊர்ப் பள்ளித் தாழ்வாரங்களிலும் தூணுக்குத் தூண் இடுப்பளவு சுவர் எழுப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த நேரத்தில் தைவான் வகுப்பறைகள் காலியாக இருந்தன. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சற்று முன் பூமி ஆடியது. அன்று சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை. 2005 அக்டோபர் 8உம் சனிக்கிழமைதான். ஆனால் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் அன்று பள்ளி உண்டு. நேரம் காலை 8.50. பள்ளிகளுக்குள் இறந்த பிள்ளைகள் சுமார் 17,000 பேர். 2008 மே 12, சீனாவின் சிச்சுவான், பிற்பகல் 2.28, வகுப்பு நடந்துகொண்டிருந்த வேளை. அரசு சொன்ன கணக்கிலேயே 5,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். மணி முள் எங்கே நின்றது என்பது மட்டுமே இந்த நாடுகளில் பிள்ளைகளின் உயிரைத் தீர்மானித்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு இது 1933லேயே உறைத்தது. அந்த மார்ச் 10 மாலை லாங் பீச் நகரில் பள்ளிகள் சரிந்தபோது பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பள்ளிக் கட்டடங்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

மூன்று பிளேடுகள்

வகுப்பறைக்கு வருவோம். நிலநடுக்கம் வந்து கட்டடத்தைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது தரையைத்தான் நகர்த்துகிறது. அடித்தளம் தரையோடு போகிறது. மேலே இருக்கும் எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தூணும் சுவரும் இழுபடுகின்றன. பாடப்புத்தகத்தில் வரும் நிலைமம் இதுதான். எடை கூடினால் இழுப்பும் கூடும். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தில் வந்தது 6.2 அளவு நிலநடுக்கம்தான். உலகக் கணக்கில் நடுத்தரம். இறந்தவர்கள் பத்தாயிரத்தை நெருங்கினார்கள். மண்சாந்தில் கல் அடுக்கிய தடித்த சுவர்கள், மேலே கனத்த மண் கூரை. சுவர் தடிமனாக இருந்தால் வீடு பலம் என்று நம்பிக் கட்டியவை அவை. பிணைப்பில்லாத எடை ஆட்டத்தின்போது எதிரியாகிவிடுகிறது.

அடுத்தது ஒத்ததிர்வு. இதைச் சொல்லிக்கொடுக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு பலகையில் மூன்று ஹேக்ஸா பிளேடுகளை வெவ்வேறு உயரத்தில் செங்குத்தாகப் பொருத்துங்கள். உச்சியில் ஒரே அளவு களிமண் உருண்டை. அமெரிக்கப் பள்ளிகளில் மரக்கட்டையும் கம்பியும் வைத்து இதையே செய்கிறார்கள். குலுக்குவதற்கு முன் ஒரு கேள்வி: எது அதிகம் ஆடும்? வகுப்பில் பெரும்பாலோர் உயரமானதைச் சொல்வார்கள். இப்போது பலகையை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உயரமானது பேயாட்டம் ஆடும், குட்டையானது அசையாது. வேகத்தைக் கூட்டுங்கள். உயரமானது அடங்கிவிடும், குட்டையானது நடுங்கத் தொடங்கும். எது விழும் என்பதைக் கட்டடத்தின் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தரை எந்தத் தாளத்தில் ஆடுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு கைவிசையிலேயே உயரப் போவதுபோல, தரையின் ஆட்டமும் கட்டடத்தின் ஆட்டமும் ஒத்துப்போனால் ஒவ்வொரு அசைவும் முந்தையதோடு சேர்கிறது.

பொறியாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரு விநாடி. மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 1985 செப்டம்பர் 19ஐப் பார்க்கலாம். நிலநடுக்கம் மெக்சிகோவின் பசிபிக் கரையில். தலைநகர் மெக்சிகோ சிட்டி 350 கிலோமீட்டருக்கு அப்பால். இடையில் இருந்த ஊர்கள் பல தப்பித்தன, தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். காரணம் காலடி மண். பழைய ஏரி ஒன்றின் சேற்றின்மேல் அமர்ந்த நகரம் அது. அந்தக் களிமண் இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் ஆடியது. மிக மோசமாக அடிபட்டவை ஆறிலிருந்து பதினைந்து மாடி வரை இருந்த கட்டடங்கள். ஆட்டத்தில் விரிசல் விட்டுத் தளரத் தளர அவற்றின் தாளம் மெதுவாகி, மண்ணின் தாளத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அதே ஊரில் 1956இல் கட்டி முடித்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் நின்றது. இந்தக் கதையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஒரு நாளில் மறந்துபோகும். பிளேடுகளை ஆட்டிப் பார்த்த பிறகு சொன்னால் மறக்காது.

கீழ்த்தளம் காலி

இப்போது கட்டச் சொல்லலாம். ஐஸ் குச்சி, ஸ்ட்ரா, ஈர்க்குச்சி, பழைய தேர்வு அட்டை, நூல், எது கிடைத்தாலும் போதும். முதல் சுற்றில் எல்லாக் குழுவும் நான்கு கால், நான்கு சட்டம் என்று பெட்டி பெட்டியாக அடுக்கும். பக்கவாட்டில் விரலால் தள்ளினாலே சதுரம் சாய்சதுரமாகிவிடும். யாராவது ஒரு குழு மூலைக்கு மூலை குச்சி வைத்திருக்கும், அது அசையாது. முக்கோணத்தின் பலம் அப்போது தானாகப் புரிகிறது. குச்சிக்குப் பதில் நூல் கட்டினால் இன்னொன்று தெரியும்: நூல் இழுத்துப் பிடிக்கும், தள்ளித் தாங்காது. ஆகவே ஒரு மூலைவிட்டம் போதாது, இரண்டும் வேண்டும். இதை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது.

பிறகு சுவர். சட்டத்தின் நடுவே தாளை ஒட்டினால் கட்டடம் சட்டென்று விறைப்பாகிவிடும். மேல்மாடிகள் எல்லாவற்றிலும் தாள் ஒட்டி, கீழ்த்தளத்தை மட்டும் வெறும் கால்களாக விட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள மாடிகள் ஒரே கட்டியாக நகரும். கீழ்த்தளத்துக் கால்கள் அத்தனையும் ஒரே பக்கம் மடங்கும். மேலே ஒரு தாள்கூடக் கிழிந்திருக்காது.

2001 ஜனவரி 26. குடியரசு நாள் காலை 8.46க்குக் குஜராத்தின் கட்ச் பகுதி ஆடியது. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 13,800 பேருக்கு மேல். அஞ்சார் என்ற ஊரில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள்மீது குறுகலான தெருவின் இருபுறக் கட்டடங்களும் சரிந்தன. 185 மாணவர்கள், 20 ஆசிரியர்கள். அவர்களுக்காக அங்கே நினைவிடம் இருக்கிறது. நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் எழுபதை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. அவற்றில் பல ஒரே சாயல் கொண்டவை. கீழே வண்டி நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் வெறும் தூண்கள்; மேலே மாடி மாடியாகச் செங்கல் சுவர் அடைத்த வீடுகள். சென்னையிலும் கோவையிலும் இதே சாயலில் நிற்கும் அடுக்குமாடிகளுக்குக் கணக்கில்லை. 'ஸ்டில்ட் பார்க்கிங்' என்று விளம்பரத்தில் வசதியாகச் சொல்கிறார்கள். சுவரில்லாத தளத்துக்குக் கூடுதல் பலமான தூணோ, கான்கிரீட் சுவரோ கொடுத்தால் அதுவும் நிற்கும். கொடுத்திருக்கிறார்களா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தாள் ஒட்டிக் குலுக்கிப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வரும். வீடு வாங்கப் போகும் அப்பாவிடம் அது கேட்கும்.

உச்சியில் ஓர் எடையைத் தொங்கவிட வேண்டும் என்று கட்டாயம் ஒரு குழு வரும். தைபே 101 கோபுரத்தின் உச்சியில் 660 டன் எஃகு உருண்டை தொங்குவதை இணையத்தில் பார்த்திருப்பார்கள். செய்து பார்க்கட்டும். ஆனால் அந்த உருண்டையின் முதல் வேலை காற்றாட்டத்தைக் குறைப்பது. இன்னொரு குழு அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, கட்டடத்தைத் தரையிலிருந்து பிரித்துவைக்கும். அதுவும் மெய்யான உத்தி. கட்ச் பகுதியின் புஜ் நகரில் புதிதாகக் கட்டிய மாவட்ட மருத்துவமனை ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின்மேல்தான் நிற்கிறது. இரண்டும் கவர்ச்சியானவை. எனக்கோ, இணைப்புகள் சரியில்லாத கட்டடத்தில் இந்த வித்தைகளுக்கு இடமில்லை என்பதைப் பிள்ளைகள் முதலில் உணர வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. மாதிரியில் பத்துக்கு எட்டு ஒட்டு விட்ட இடத்தில்தான் உடையும். மெய்க் கட்டடத்திலும் தூணும் பீமும் சேரும் இடம்தான் பலவீனமான இடம்.

இரண்டாகக் கட்டு, ஒன்றாகக் குலுக்கு

குலுக்கிப் பார்க்கும் பழக்கம் நெடுங்காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயரும் ஒமோரி ஃபுசாகிச்சியும் செங்கல் தூண்களை மேசையில் ஏற்றி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் 1960இல் நிலநடுக்கப் பொறியியலுக்குத் தனிப்பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் அங்கே செய்த ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. விலையுயர்ந்த மின்னணு மேசைக்குக் காத்திராமல் ரயில்வே தண்டவாளத்தையும் சரக்கு வேகன்களையும் எடுத்துக்கொண்டார்கள். நடு வேகனின் மேடைமேல் செங்கல் வீடு. பாரம் ஏற்றிய இன்னொரு வேகன் உருண்டு வந்து அதை மோதும். லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓடும் வீடு எப்படி நிற்கிறது, பட்டை இல்லாத வீடு எப்படி மூலை பிளந்து விழுகிறது என்று பார்க்க முடிந்தது. நம் கொத்தனார்கள் 'லிண்டல் பெல்ட்' என்று சொல்வது இந்தப் பட்டையைத்தான். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடாமல் நான்கு சுவரையும் சுற்றி ஒரே பட்டையாக ஓட்டினால் நான்கு சுவரும் சேர்ந்து ஆடும்.

நேபாளத்தில் நிலநடுக்கத் தொழில்நுட்பத்துக்கான தேசிய சங்கம் இதையே தெருவுக்குக் கொண்டுவந்தது. ஒரே அச்சில் இரண்டு சிறிய செங்கல் கட்டடங்கள். ஒன்றில் பட்டைகளும் மூலைக் கம்பிகளும் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டையும் ஒரே மேடையில் வைத்து, மக்கள் கூடி நிற்கையில் குலுக்குவார்கள். அங்கே வீடு கட்டுவது மேஸ்திரிகள். அவர்களுக்கு வேண்டியது கண்முன் நடக்கும் ஒரு சாட்சி.

ஜப்பானின் மிக்கி நகரில் 2005இல் இயங்கத் தொடங்கிய அதிர்வு மேசை 20 மீட்டருக்கு 15 மீட்டர். 1,200 டன் சுமக்கும். 1995இல் கோபே நகரில் 6,400 பேருக்கு மேல் இறந்த பின் அமைத்தது. அங்கே செய்த முதல் சோதனைகளில் ஒன்று, பழைய மர வீடுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்டியது. வலுப்படுத்தியது நின்றது, மற்றது தரைமட்டமானது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் அதிர்வு மேசைகள் இருக்கின்றன.

ரூர்க்கி, நேபாளம், மிக்கி மூன்றிலும் ஒரு வழக்கம் பொது. ஒற்றைக் கட்டடத்தைக் குலுக்கினால் அது விழுந்தது என்று மட்டும் தெரியும். ஒரே ஒரு வேறுபாடு கொண்ட இரண்டைக் குலுக்கினால் ஏன் விழுந்தது என்று தெரியும். பள்ளியிலும் ஒவ்வொரு குழுவையும் இரட்டையாகக் கட்டச் சொல்லலாம்: அதே உயரம், அதே குச்சி, அதே எடை, ஒரே ஒரு மாற்றம்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை சில

சிறிய மாதிரி தன் அளவுக்கு மிகப் பலமானது. இதைச் சொல்லாமல் விட்டால் சோதனை பொய் சொல்லும். பத்து மாடிக் கட்டடத்தை எல்லா அளவிலும் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால், தூணின் குறுக்குப் பரப்பு நூறில் ஒன்றாகிறது. எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. தூணின் பரப்போடு ஒப்பிட்டால் சுமை பத்து மடங்கு இலேசாகிவிட்டது. குச்சிக் கட்டடம் எவ்வளவு குலுக்கினாலும் விழாமல் நிற்பதற்கு இதுவே காரணம். அதனால்தான் மாடிதோறும் எடை ஏற்ற வேண்டும். தைபே போட்டியில் மாதிரியின் முதுகில் எடை ஏற்றுவதும் இதற்காகத்தான். நட்டு, வாஷர், மணல் நிரப்பிய உறை, எல்லாம் உதவும்.

குலுக்கல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் ஆட்டினால் பிடித்த குழுவுக்கு மென்மையும் மற்றவர்க்கு வேகமும் வந்துவிடும். கோலிக்குண்டுகள்மேல் ஒரு பலகை, இருபுறமும் ஒரே நீள ரப்பர். குறித்த அளவு இழுத்து விட்டால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே ஆட்டம் கிடைக்கும். பலகையில் ஒரு கைப்பேசியை ஒட்டி வைத்தால் அது முடுக்கத்தை அளந்து கோடு போட்டுக் காட்டும். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகம் இதற்கென்றே 'ஃபைபாக்ஸ்' என்ற இலவசச் செயலி தருகிறது. ஆட்டத்தின் வீச்சு மாறாமல் வேகத்தை இரட்டித்தால் முடுக்கம் நான்கு மடங்காவதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். இன்னொரு கைப்பேசி மெதுவோட்டத்தில் படம் பிடிக்கட்டும். முதல் ஒட்டு விடும் கணம் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கே உடையும் என்று குலுக்கும் முன் ஒவ்வொருவரும் எழுதி, மாதிரியில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். மதிப்பெண்ணை அந்தக் குறிக்குக் கொடுங்கள். தன் கட்டடம் விழும் இடத்தைச் சரியாகச் சொன்ன குழு, தற்செயலாக நின்ற குழுவைவிடக் கூடுதலாகக் கற்றிருக்கிறது. விழும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு கட்டடம் படீரென்று நொறுங்குகிறது. இன்னொன்று கோணலாகி, சட்டம் வளைந்து, ஆனாலும் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நிற்கிறது. பெரிய நிலநடுக்கத்தில் கட்டடம் கீறலே இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதிநூல்கள் கேட்பதில்லை. சேதமாகலாம், உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வர வேண்டும். அதற்காகத்தான் பீம் முதலில் அடிவாங்கட்டும், தூண் கடைசிவரை நிற்கட்டும் என்று வடிவமைக்கிறார்கள்.

தமிழக அரசின் 'வானவில் மன்றம்' 2022லிருந்து ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுபோகிறது. இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நமக்கு எதற்கு?

தமிழ்நாட்டில் எங்கே நிலநடுக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. இமயமலை அடிவாரத்தின் ஆபத்து இங்கே இல்லை, உண்மை. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் வந்தது ஏறக்குறைய 6 அளவு. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5; சென்னையில் மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். 2002இல் திருத்திய நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அந்த வரைபடத்தில் கோவையும் சேலமும் அதே மண்டலம். கில்லாரியைப் பழைய வரைபடம் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில்தான் வைத்திருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு காரணம், இந்தப் பாடம் சித்தாளுக்கும் கம்பி கட்டுபவருக்கும் நேராகப் போய்ச் சேரக்கூடியது. தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுகிறோம். அதன் இரு முனையையும் 90 பாகையில் மடக்கி விட்டால், ஆட்டத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் பிரிந்துவிடும். நிற்கும் கம்பிகள் வெளியே பிதுங்கித் தூண் சரியும். முனையை 135 பாகைக்கு உள்ளே வளைத்தால் கான்கிரீட்டின் மையத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். செலவு ரிங்குக்கு ஒரு விரல் நீளக் கம்பி. நம் அரசுப் பள்ளிகளில் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து ரிங் வளைத்துக் காட்டச் சொல்லலாம். பாடப்புத்தகத்தில் இல்லாத அறிவு அவர் கையில் இருக்கிறது; மாதிரி ஏன் அங்கே உடைந்தது என்ற விளக்கம் பிள்ளையிடம் இருக்கிறது. இருவரும் பேசிக்கொண்டால் அந்த ஊரில் அடுத்து எழும் தூண் மாறும்.

அடுத்த வகுப்பில் புதிய மாதிரி கட்டச் சொல்லாதீர்கள். உடைந்ததையே ஒட்டுப்போட்டு, வலுப்படுத்தி, மறுபடி குலுக்கச் சொல்லுங்கள். கூடுதல் பொருள் பத்துக் குச்சிக்கு மேல் கிடையாது. மாதிரியை வகுப்பு நடந்துகொண்டிருக்கும் பள்ளியாக எண்ணி, ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கவும் கூடாது என்று நிபந்தனை வையுங்கள். தைவான் அரசு எதிர்கொண்ட கணக்கு இதுவேதான். புதிதாகக் கட்டிய பள்ளிகளைவிட நின்றுகொண்டிருந்த பழைய பள்ளிகள் பல மடங்கு. தைபே ஆய்வு மையத்தின் பொறியாளர்கள், இடிக்க வேண்டிய பழைய பள்ளிக் கட்டடங்களையே சோதனைக்கூடமாக்கினார்கள். ஹுவாலியென், யுன்லின், தாவ்யுவான் போன்ற இடங்களில் மெய்யான வகுப்பறைகளை நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, எந்தத் தூண் எந்த நொடியில் விரிசல் விடுகிறது என்று அளந்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளில் தூண்களைப் பருமனாக்கினார்கள். தூணின் இருபுறமும் சிறகுபோலச் சுவர் சேர்த்தார்கள். தேவையான இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். 2024 ஏப்ரல் 3 அன்று ஹுவாலியென் கரையோரம் மீண்டும் 7.4 அளவில் ஆடியது. நேரம் காலை 7.58. பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த வேளை. இறந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களில் பலர் மலைப்பாதைகளில் பாறை சரிந்து இறந்தவர்கள். பள்ளிக் கட்டடங்கள் நின்றன.